இருப்புப் பாதை வகுத்த திசை

சங்கரன்கோவில் ரயில் நிலைய நடைமேடையில் நிற்கும்போதெல்லாம் ஒரு முரண் என் மனத்தை உறுத்தும். வடக்கே சென்றால் மதுரை. தெற்கே சென்றால் தென்காசி. ஆனால், 2019 வரை இவ்வூரின் மாவட்டத் தலைநகராக விளங்கிய திருநெல்வேலிக்கு இங்கிருந்து நேர் இருப்புப் பாதை இன்றளவும் இல்லை.

இதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது. மதுரையிலிருந்து விருதுநகர், கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் வந்தது. மணியாச்சியில் பிரிந்த கிளை திருநெல்வேலியைத் தொட்டது. 1904-இல் செங்கோட்டை மலைப்பாதை நிறைவடைந்து, திருநெல்வேலியைக் கொல்லத்துடன் இணைத்தது. இவ்விரு பாதைகளுக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்கள் ரயிலின்றிக் கிடந்தன. அந்த இடைவெளியை நிரப்பியதுதான் 1927-இல் தென்னிந்திய ரயில்வே நிறுவனம் திறந்த விருதுநகர் - தென்காசி மீட்டர் பாதை. மதுரையிலிருந்து கொல்லம் செல்வோர் திருநெல்வேலியைச் சுற்றவேண்டிய தேவை அத்துடன் நீங்கியது. கரிசல் பருத்திக்கும் ஆடித்தபசுக்கும் பெயர்பெற்ற சங்கரன்கோவில் ரயில் நிலையம் பெற்றதும் அப்போதுதான். திருநெல்வேலியைத் தவிர்த்துச் செல்வதே அப்பாதையின் பயன் என்பதால், ஊரின் முகம் மதுரை நோக்கித் திரும்பியது.

2004-இல் இது அகலப்பாதையானது. பொதிகை விரைவு ரயில் சென்னையை ஓரிரவுப் பயணத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால், திருநெல்வேலி - தென்காசி பாதை முழுமையாக அகலமாக 2012 வரையும், செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை அகலமாக 2018 வரையும் காத்திருக்க நேர்ந்தது.

இப்போது தென்காசி தனி மாவட்டம். ஆட்சியர் அலுவலகத்துக்கு ரயிலிலேயே செல்லலாம். எனினும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் திருநெல்வேலியில்தான் இருக்கின்றன. சாலை வழியே 60 கி.மீ.க்கும் குறைவான தொலைவு, ரயிலில் தென்காசியைச் சுற்றினால் 100 கி.மீ.யைத் தாண்டிவிடுகிறது. நோயாளிகளும் மாணவர்களும் பேருந்தையே நம்பியிருப்பதில் வியப்பில்லை.

சங்கரன்கோவில் - திருநெல்வேலி நேர்ப்பாதை என்பது நெடுநாள் கோரிக்கை. பயணிகள் எண்ணிக்கையை மட்டும் வைத்து அதை எடைபோடுவது முறையாகாது. இல்லாத பாதையில் எவரும் பயணம் செய்துகாட்ட இயலாது. 1927-இல் வகுக்கப்பட்ட திசையே ஓர் ஊருக்கு என்றென்றைக்கும் போதும் என்று கருதிவிடலாகாது.