பாட்டன் பட்டறைக்கு வெடி வைப்பதா?

ஓசூர்ச் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து, விரலிடுக்கில் கிரீஸ் கறையோடு வெளியே வரும் தோழனே! உன்னிடம் ஒரு கேள்வி. இரும்புத் துண்டொன்றைக் கருவியாக்க நீ என்ன செய்கிறாய்? வேண்டாததை வெட்டித் தள்ளுகிறாய். கிரைண்டரில் தேய்க்கிறாய். கடைசியில் பாலிஷ் ஏற்றுகிறாய். இந்த வரிசையை ஐ.டி.ஐ.யில் கற்றதாக எண்ணுகிறாய். அந்த ஆசிரியருக்கும் முன்னால் ஓர் ஆசான் இருந்தான். அவன் பட்டறை, பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் இருக்கிறது!

அங்கே பாறைமீது வழவழப்பான பள்ளங்கள் உண்டு. புதிய கற்கால உழைப்பாளி தன் கற்கோடரியைத் தீட்டிய பள்ளங்கள் அவை. கரும்பாறையை உடைத்துச் சில்லெடுத்தான், கொத்திச் சமப்படுத்தினான், பாறையில் தேய்த்துத் தேய்த்து விளிம்பைக் கூராக்கினான். அவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவன் கை பட்ட தேய்மானம் மட்டும் மிச்சம்.

நாம் என்ன செய்தோம்? மலைமேல் கல்திட்டையைக் கண்டால், பாண்டவர் வீடு என்றோம். உழைத்தவன் நம் பாட்டன். பெருமை போனதோ புராணத்துக்கு!

மயிலாடும்பாறையில் 2003-ல் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்தார். 2021-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தது. அங்கு கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று, 2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2025-ல் வெளியான சிவகளைக் கணக்கு அதையும் முந்தியது. ஆனால் கல்லைத் தீட்டிய கையும், இரும்பை உருக்கிய கையும் ஒரே ஊரில் தடம் பதித்திருப்பதை, மயிலாடும்பாறையில் பார்க்கலாம்.

"பொருளைத்தான் எடுத்தாகிவிட்டதே, இனிப் பாறை எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்கு மூன்று ஊர்க் கதை சொல்கிறேன்.

முதலாவது நம் சென்னை. ராபர்ட் புரூஸ் புட் என்ற நிலவியலாளர் 1863 மே 30-ல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் உண்டென்பதற்கு அதுவே முதல் சாட்சி. அவர் தேடித் தொகுத்தவற்றை எழும்பூர் அருங்காட்சியகம் 1904-ல் வாங்கியது. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வைத்ததால்தான், அவை இன்றும் பேசுகின்றன. ஊர் தெரியாத கல் ஊமைக் கல்!

இரண்டாவது போலந்து நாட்டின் க்ஷெமியோன்கி. சிக்கிமுக்கிக் கல்லுக்காக ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் தோண்டிய சுரங்கம், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள். அங்கே குடியேறிய ஏழைகள் பிழைப்புக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டினர். பழஞ்சுரங்கம் பல அழிந்தன. 1922-ல் சம்சனோவிச் என்ற நிலவியலாளர் அதை அடையாளம் கண்டார். அறிஞர்கள் போராடினர், அரசு காத்தது. இன்று அருங்காட்சியகம் சுரங்கத்தின் மேலேயே நிற்கிறது. மக்கள் நிலத்தடியில் நடந்து பார்க்கிறார்கள். 2019-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

மூன்றாவது, எல்லை தாண்டிய கர்நாடகத்துப் பல்லாரி. அங்கே சங்கனகல்லு மலையில் கற்கோடரிகளை ஏராளமாகச் செய்து குவித்த புதிய கற்காலத் தொழிற்கூடம் உண்டு. ஆனால் அந்த மலையில் ஒரு பகுதியைக் கிரானைட் குவாரி தின்றுவிட்டது. புட் பெயரால் பல்லாரியில் அருங்காட்சியகம் எழுந்தது, அது நல்லதே. ஆயினும் வெடித்துச் சிதறிய பாறையை எந்தக் கண்ணாடிப் பெட்டி திரும்பத் தரும்?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கிருஷ்ணகிரியும் கிரானைட் சீமைதான். கல் உடைக்கும் தோழன் நமக்குப் பகைவனல்லன். அவன் அடுப்பு எரிய வேண்டும். அவன் உளியும் அந்தப் பாட்டன் விட்டுச் சென்ற சொத்துதான். ஆகவே குவாரியை மூடு என்று கூவவில்லை. குத்தகை எழுதும் முன் மலையைப் பார் என்கிறோம்!

கிருஷ்ணகிரியில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. அதன் வேலை அலமாரியோடு முடியக் கூடாது. மலை மலையாக ஏற வேண்டும்; தீட்டுப் பள்ளம், கல்திட்டை, பாறை ஓவியம் எங்கெங்கு உண்டென்று வரைபடம் போட வேண்டும். அந்த வரைபடம் கனிமத் துறையின் மேசையில் கிடக்க வேண்டும். அதில் குறித்த இடத்தில் வெடி வைக்க அனுமதி கூடாது. இதற்குத் தேவை ஆளும் பணமும். அவற்றைக் கேட்டு வாங்குவது நம் கடமை.

உனக்கும் வேலை உண்டு, தோழனே! ஊருக்குப் போகும்போது வழுவழுப்பான கற்கோடரி கண்ணில் பட்டால் பையில் போடாதே, மண்ணைக் கிளறாதே. படம் எடு, இடத்தைக் குறி, கிராம நிர்வாக அலுவலரிடமும் அருங்காட்சியகத்திடமும் சொல்.

மன்னனுக்குக் கோட்டை இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, மெய்க்கீர்த்தி இருக்கிறது. உழைத்தவனுக்கு இருப்பது, பாறையில் அவன் கை தேய்த்த பள்ளம் ஒன்றுதான். அதையும் ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிவிட்டு, நாளைக்கு நம் பிள்ளைகளிடம் எதைக் காட்டி, "இவன்தான் உன் பாட்டன்" என்று சொல்லப் போகிறோம்?