பூட் ஆனது சரி, லோடு தாங்குமா?

அனல் மின் நிலையத்தில் புது அலகு ஒன்றைக் கட்டி முடித்தவுடன் சுவிட்சைப் போட்டுக் கைதட்டிவிட்டு வணிக உற்பத்தி தொடங்கிவிட்டதாக அறிவிக்க முடியாது. அது 72 மணி நேரம் இடைவிடாமல் முழுத் திறனில் ஓடிக் காட்ட வேண்டும். அதற்கு முன்பே கொதிகலனில் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்த்திருப்பார்கள். டர்பைனை வேண்டுமென்றே வரம்புக்கு மேல் சுற்றவிட்டு, தானாக நின்றுகொள்கிறதா என்றும் பார்த்திருப்பார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் இதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சு.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அப்பா கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்ப்பவர். மகன் பொறியியல் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருக்கிறான். இரண்டாம் ஷிப்ட் முடித்து அப்பா செருப்பைக் கழற்றும்போதே உள்ளறையிலிருந்து ஓடி வருகிறான்.

“அப்பா, 5.5-ல பூட் ஆயிடுச்சுப்பா!”

“பூட் ஆனது சரிடா. லோடு குடுத்துப் பாத்தியா?”

“ம்... அஞ்சு நிமிஷம் ஓட்டினேன்.”

அப்பா சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விடுகிறார்.

அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள்?

கம்ப்யூட்டரின் செயலி தாளத்துக்கு வேலை செய்யும் பொருள். மதர்போர்டிலிருந்து நொடிக்கு 10 கோடி தட்டு, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ், அதற்கு வருகிறது. செயலி அதை உள்ளே 50-ஆல் பெருக்கி, நொடிக்கு 500 கோடி தட்டாக ஆக்கிக்கொள்கிறது. நாம் 5 கிகாஹெர்ட்ஸ் என்பது இதைத்தான். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய் அந்த 50-ஐ 55 என்று மாற்றிச் சேமித்தால் ஓவர்கிளாக்கிங் முடிந்தது. இன்டெலில் பெயருக்குப் பின்னால் ‘கே’ எழுத்து உள்ள செயலியும் அதற்கேற்ற ‘இசட்’ வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டே கிடையாது. வேலை இரண்டு நிமிடம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பா ஓட்டும் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று, நொடிக்கு 50. அந்தத் தாளத்தில் அவர் தன்னிஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. 2013 டிசம்பர் 31 அன்று தென் மாநிலங்களின் மின்கட்டமைப்பும் மற்றவற்றோடு சேர்ந்த பிறகு, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே தாளம். 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் அது நிற்க வேண்டும் என்பது விதி. நாடு முழுவதும் அரை விழுக்காடுகூட நகர விடாமல் காக்கிற மின்சாரத்தில் ஓடும் ஒரு பெட்டியை, மகன் உள்ளறையில் உட்கார்ந்து பத்து விழுக்காடு ஏற்றிவிடுகிறான்.

ஏற்றினால் என்ன ஆகும்? 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே இருப்பது 0.2 நானோ விநாடி. வெளிச்சமே அந்த நேரத்தில் 6 சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள் செயலிக்குள் மின்குறி ஒன்று பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து, ‘0’ அல்லது ‘1’ என்று ஒரு நிலைக்கு வந்து அமைதியாக வேண்டும். அமைதியாகும் முன் அடுத்த தட்டு விழுந்தால், பாதி வழியில் இருப்பதையே விடை என்று எடுத்துக்கொள்ளும். தவறு அங்கே பிறக்கிறது. டிரான்சிஸ்டரை விரைவுபடுத்த வழக்கமான வழி வோல்டேஜைக் கூட்டுவது. கூட்டினால் சூடு.

சூட்டின் கணக்கு கொஞ்சம் கொடுமையானது. செயலி குடிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேராக ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கமாக ஏறும். வேகத்தை 5-லிருந்து 5.5-க்கும், வோல்டேஜை 1.20-லிருந்து 1.32-க்கும் ஏற்றுங்கள். இரண்டும் பத்துப் பத்து விழுக்காடுதான். மின்செலவு 33 விழுக்காடு கூடிவிடும். கிடைக்கும் லாபம் அதிகபட்சம் பத்து; விளையாட்டுகளில் பெரும்பாலும் அதுவும் வராது, அங்கே முட்டுக்கட்டை கிராபிக்ஸ் கார்டு.

அப்படியானால் ஏன் இந்தப் பைத்தியம்? ஒரு காலத்தில் இது நல்ல பேரமாக இருந்தது. 1998-ல் இன்டெல் ‘செலரான் 300ஏ’ என்று ஒரு மலிவுச் செயலியை விற்றது. 66 மெகாஹெர்ட்ஸ் தாளத்தை நாலரையால் பெருக்கி 300. மதர்போர்டில் தாளத்தை 100-க்கு மாற்றினால் அதே செயலி 450-ல் ஓடியது. சில போர்டுகளில் அதற்குச் செயலியின் ஒரேயொரு பின்னில் டேப் ஒட்டினாலே போதும். ஐம்பது விழுக்காடு வேகம் சும்மா கிடைத்தது. கம்பெனியே செயலிகளைத் தரம் பிரித்துத்தான் விற்கிறது. ஒரே தட்டில் வார்த்த சில்லுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பண்ருட்டி மண்டியில் பலாவைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பதுபோல் பிரிக்கிறார்கள். அன்று சந்தையில் மலிவுச் சரக்குக்குத் தேவை அதிகம், அதனால் நல்ல பழமும் மலிவுக் கூடையில் விழுந்தது.

இன்று அந்தக் கூடை காலி. 2022-ல் வந்த கோர் ஐ9-13900கே செயலியின் அடிப்படை வேகம் 3 கிகாஹெர்ட்ஸ். வாய்ப்புக் கிடைத்தால் தானாகவே 5.8 வரை ஏறும், 253 வாட் வரை குடிக்கும். மகன் செய்ய நினைப்பதைக் கம்பெனியே செய்து டப்பாவில் அடைத்து விற்றுவிட்டது. மிச்சமிருக்கும் சதையைச் சுரண்டுவதுதான் இப்போதைய ஓவர்கிளாக்கிங். அதே செயலியைத் திரவ ஹீலியத்தில் குளிப்பாட்டி, 2022 டிசம்பரில் 9 கிகாஹெர்ட்ஸைத் தொட்டார்கள். அது சாதனைப் புத்தகத்துக்கு. வீட்டில் சில நொடிக்கு மேல் எதற்கும் ஆகாது.

சரி, மகன் கேட்கப் போவதில்லை. எனவே அப்பாவின் கேள்விக்கு வருவோம்: எப்படி லோடு கொடுத்துப் பார்ப்பது?

உலகம் முழுக்க இதற்குப் பயன்படும் மென்பொருளின் பிறப்பே வேறு வேலைக்கு. ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் 1996-ல், பிரம்மாண்டமான பகா எண்களைத் தேட, ஆர்வலர்களின் கம்ப்யூட்டர்களை ஒன்றுசேர்க்கும் கூட்டுமுயற்சி ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் எழுதிய நிரல் பிரைம்95. 2024 அக்டோபரில் அந்தக் கூட்டுமுயற்சி கண்டுபிடித்த பகா எண்ணில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள். ஒரு எண்ணைச் சோதிக்கவே நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஓட வேண்டும். நடுவில் ஒரேயொரு பெருக்கல் பிசகினாலும் மொத்தமும் பாழ். ஆகவே தேடலுக்கு முன் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று பார்க்க, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் சரிபார்க்கும் பகுதியை அதில் வைத்தார்கள். அதற்குப் பெயரே ‘சித்திரவதைச் சோதனை’. ஓவர்கிளாக் செய்பவர்கள் பகா எண்ணை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு இதில் பிடித்தது, அது விடையைச் சரிபார்க்கிறது என்பது. கம்ப்யூட்டர் ஹேங் ஆனாலோ, நீலத்திரை வந்தாலோ, நமக்குத் தெரிந்துவிடும். ஹேங் ஆகாமல், சத்தமில்லாமல், தவறான விடையைச் சரியான விடைபோல் எழுதிவைத்துவிட்டுப் போவதுதான் மோசம். 2021-ல் பேஸ்புக் பொறியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓவர்கிளாக் எதுவும் செய்யாத அவர்களுடைய சர்வர் ஒன்றில், ஒரு செயலியின் ஒரேயொரு கோர், அதாவது செயலிக்குள் தனித்துக் கணக்குப் போடும் பகுதிகளில் ஒன்று, மட்டும் 1.1-ன் 53-ஆம் அடுக்கைக் கேட்டால் பூஜ்யம் என்று சொல்லியது. உண்மையான விடை 156 சொச்சம். அந்தப் பூஜ்யத்தைக் கோப்பின் அளவு என்று நினைத்துக்கொண்ட மென்பொருள், கோப்பு காலி என்று கைவிட்டது. அதே கோர் வேறு பல கணக்குகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தது. உங்கள் கல்யாண வீடியோவை எடிட் செய்யும்போதோ, கணக்குப் புத்தகத்தைச் சேமிக்கும்போதோ இப்படி ஒரு இலக்கம் மாறினால் எப்போது தெரியும்?

பிரைம்95-ல் ‘ஸ்மால் எஃப்.எஃப்.டி.’ என்பது செயலியை உச்சச் சூட்டுக்குக் கொண்டுபோகும். முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து செயலியின் வெப்ப அளவைப் பாருங்கள். இன்டெல் செயலிகள் பல 100 டிகிரியிலும், ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரியிலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். டர்பைன் சுமார் 3,300 சுற்றைத் தாண்டினால் ‘டிரிப்’ ஆவதுபோல. ஸ்மால் எஃப்.எஃப்.டி.யைத் தாண்டிய பிறகு ‘பிளெண்ட்’ சோதனையை இரவு முழுக்க ஓடவிடலாம், அது ரேமையும் சேர்த்துப் பார்க்கும். ரேமின் வேகத்தையும் ஏற்றியிருந்தால் மெம்டெஸ்ட்86 தனியாக வேண்டும்.

பலர் கோட்டை விடுவது அதற்கடுத்த இடத்தில். முழு லோடில் எட்டு மணி நேரம் தாங்கிய கம்ப்யூட்டர், காலையில் சும்மா பிரவுசரைத் திறக்கும்போது விழும். காரணம், எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் சற்றுக் குறைவு. ஒரு கோர் மட்டும் விழித்திருக்கும்போதுதான் அது உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. லோடு ஏறும்போது வோல்டேஜ் தொய்கிறது, சட்டென்று இறங்கும்போது எகிறுகிறது. மின் நிலையத்தில் லோடு திடீரென்று கழன்றால் டர்பைன் எகிறுவது அப்பாவுக்குத் தெரியும். எனவே ஒவ்வொரு கோரையும் தனித்தனியாக, லோடை ஏற்றி இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

எத்தனை மணி நேரம்? இதற்குச் சட்டம் கிடையாது. விளையாட்டுக்கு மட்டும் என்றால் ஓர் இரவு போதும் என்பது என் எண்ணம். கம்ப்யூட்டரில் ஆய்வேடோ அலுவலகக் கணக்கோ இருந்தால் ஓவர்கிளாக்கே வேண்டாம்.

நெய்வேலிக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறையில் எடுத்தவை. கூலர் செயலியை இத்தனை டிகிரிக்குக் குளிர்விக்கும் என்று பேசுவதே பிழை. அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரியில் நிறுத்தும் என்பதுதான் கணக்கு. அந்த இடைவெளி 58 டிகிரி என்று வையுங்கள். மார்கழி இரவில் அறை 24 என்றால் செயலி 82, எல்லாம் சுகம். அக்னி நட்சத்திரத்தில், ஏ.சி. இல்லாத குவார்ட்டர்ஸ் அறை 38 என்றால் 96. ஜனவரியில் தேறிய அதே அமைப்பு மே மாதம் தேறாது. சோதனையை மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள். அதற்கு முன் கேபினட்டைத் திறந்து தூசி தட்டுங்கள். சுரங்கத்தைப் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 600 வி.ஏ. யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள், அது தாங்குவது சுமார் 360 வாட்தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கரன்ட் போகும் அந்த நொடியில் மானிட்டரும் சேர்ந்து 400 வாட் கேட்டால் அது கைவிரித்துவிடும்.

நெய்வேலி மின்சாரத்துக்கு எரியும் பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிகிறது. 300 வாட் குடிக்கும் கம்ப்யூட்டரை 24 மணி நேரம் சித்திரவதைச் சோதனையில் போட்டால் 7 கிலோவுக்கு மேல் நிலக்கரி. டவுன்ஷிப் பையனுக்கு இந்தக் கணக்கு உறைக்கும்.

செயலி மெல்லத் தேய்வது தனிக் கதை. அதிக வோல்டேஜும் சூடும் சில்லுக்குள் இருக்கும் நுண்கம்பிகளின் உலோகத்தையே அணு அணுவாக நகர்த்துகின்றன. சென்ற வருடம் தேறிய அமைப்பு இந்த வருடம் தேறாமல் போவதற்கு இதுவும் காரணம். 1962-ல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதலாம் அனல் மின் நிலையம் 2020 வரை ஓடியது. பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் நிறைய நடந்தன, ஆனால் தாளத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2023 ஏப்ரலில், ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி செயலிகள் சில மதர்போர்டோடு சேர்ந்து கருகின. செயலியின் ஒரு பகுதிக்குப் போர்டுகள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கொடுத்தது தெரியவந்து, அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிவைத்தார்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகளின் கதை இன்னும் பெரிது. யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே விளையாட்டுகள் பாதியில் மூடிக்கொண்டன. ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சம்பந்தமில்லாத செய்தி வந்தது. பலர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். 2024-ல்தான் காரணம் வெளியானது: செயலி தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது, அதனால் தேய்ந்தது கோருக்குள் தாளத்தைப் பரப்பும் சுற்று. அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. திருத்தம் தேய்வைத் தடுக்கும், தேய்ந்ததை மீட்காது.

மகனுக்கு என் யோசனை தலைகீழானது. வேகத்தை அப்படியே விட்டு, வோல்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கலாம். இதற்கும் அதே சோதனைகள் எல்லாம் வேண்டும், ஆனால் சூடு இறங்கும், விசிறிச் சத்தம் அடங்கும்.

ஐ5, ஐ7, ஐ9 என்று 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் செயலி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே இரண்டு வேலை செய்யுங்கள். மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயோஸ் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். பிறகு பீரோவில் இருக்கும் பில்லைத் தேடி எடுங்கள். பாதிக்கப்பட்ட வகைகளில் டப்பாவோடு வாங்கியவற்றுக்கு மூன்று வருட உத்தரவாதத்தை இன்டெல் ஐந்தாக நீட்டியிருக்கிறது. 2022 கடைசியில் வாங்கியவர்களுக்கு அது 2027 கடைசியில் முடிகிறது.