உப்பைக் காசு கொடுத்து வாங்கிய கதை: வீட்டுத் தோட்டத்துக்கு மொத்தமாக மூடாக்கு

முதுகுளத்தூரில் அம்மா வீட்டுக்குப் பின்னால் நான்கு சென்ட் தோட்டம் இருக்கிறது. எலுமிச்சை, கொய்யா, முருங்கை, கொஞ்சம் கத்தரி, மிளகாய், மல்லிகை. பாத்திகள் மட்டும் எடுத்தால் இரண்டு சென்ட் வரும். சில வருடங்களாக எலுமிச்சையின் இலை நுனி கருகிக்கொண்டே இருந்தது. உரம் போதவில்லை என்றார் ஒருவர், பூச்சி என்றார் இன்னொருவர். நான் சாஃப்ட்வேர்காரன், எனக்குத் தெரிந்தது அளந்து பார்ப்பது மட்டும்தான். ஆர்.ஓ. மெஷினுக்கு வாங்கிய டி.டி.எஸ். மீட்டரை போர் தண்ணீரில் விட்டேன். 2,400 காட்டியது.

2,400 பி.பி.எம். என்றால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2.4 கிராம் உப்புகள். அம்மா தினமும் 200 லிட்டர் விடுவார். ஒரு நாளைக்கு 480 கிராம். மாதத்துக்கு 14 கிலோ! தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. எலுமிச்சை உப்பை அறவே தாங்காத மரம். அதன் காலடியில் மாதாமாதம் ஒரு சிப்பம் உப்பைக் கொட்டிவிட்டு பூச்சி மருந்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மூடாக்கு பற்றிப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான். இதைத் தமிழ்நாட்டில் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனவர் நம்மாழ்வார். பொதுவாக "மூடாக்கு போட்டால் தண்ணீர் மிச்சம்" என்று சொல்வார்கள். நம்ம ஊருக்கு அதை மாற்றிச் சொல்ல வேண்டும்: மூடாக்கு போட்டால் உப்பு மிச்சம்.

மூடாக்கு என்ன செய்கிறது?

ஈரமான மண்ணில் வெயில் பட்டால் மேல் தோல் முதலில் காயும். காய்ந்த இடத்துக்கு, கீழே இருக்கும் ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியாக ஏறி வரும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே வேலைதான். மேலே வந்த நீர் ஆவியாகும், கூட வந்த உப்பு மேற்பரப்பிலேயே தங்கிவிடும். கோடையில் பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அது இதுதான். கரிசல் மண்ணில் இன்னொரு கஷ்டம்: காய்ந்து வெடிப்பு விட்டதும் அந்த வெடிப்பின் இரு சுவர்களிலிருந்தும் ஈரம் போகும்.

மூன்று அங்குலம் வைக்கோலோ சருகோ மேலே கிடந்தால் வெயிலும் காற்றும் மண்ணை நேரடியாகத் தொடாது. திரியின் நுனியை மூடிய மாதிரி. ஈரம் கீழேயே நிற்கும். தண்ணீர் விடுவது பாதியாகக் குறைந்தால், உப்பும் பாதி.

எவ்வளவு வாங்குவது?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கணக்கு சுலபம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று அங்குலம் என்பது கால் அடி. பெருக்கினால் சுமார் 109 கன அடி. நம்மூரில் மணல், ஜல்லி வாங்கும் யூனிட் 100 கன அடி. ஆக, சென்ட்டுக்கு ஒரு யூனிட். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். என் இரண்டு சென்ட் பாத்திக்கு இரண்டு யூனிட்டும் கொஞ்சமும். வைக்கோல், இலைச்சருகு போன்றவை சில வாரங்களில் பாதியாக அமுங்கிவிடும் என்பதால் அவற்றை ஆறு அங்குலம் போட வேண்டும். அப்போது கணக்கு இரண்டு மடங்கு.

கோகோபீட் கட்டியாக வாங்கினால்: ஐந்து கிலோ கட்டி நனைந்தால் சுமார் 70 லிட்டர் ஆகும். ஒரு யூனிட் 2,832 லிட்டர். அதாவது 40 கட்டிகள்.

எடைக்கு மட்டும் வாங்காதீர்கள். தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். டன் 6,000 ரூபாய் என்று இரண்டு பேர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் சரக்கில் ஈரம் 20 சதவீதம், இன்னொருவர் சரக்கில் 60 சதவீதம். முதலாமவரிடம் உங்களுக்குக் கிடைப்பது 800 கிலோ காய்ந்த பொருள், இரண்டாமவரிடம் 400 கிலோ. மீதி தண்ணீருக்குக் கொடுத்த காசு. வண்டித் தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து, கன அடிக்கு என்ன விலை என்று பாருங்கள்.

நான் செய்த தப்பு

இந்தக் கணக்கெல்லாம் சரியாகப் போட்டேன். ஒரு கயிறு கம்பெனியில் நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு வண்டி பேசினேன். வந்து இறங்கியது. பாத்தியில் பரப்பவும் செய்தேன். இரண்டு வாரத்தில் கத்தரி நாற்று சுருண்டது.

மறுபடியும் மீட்டர். ஒரு பங்கு நார்க்கழிவு, ஐந்து பங்கு ஆர்.ஓ. தண்ணீர், அரை மணி நேரம் ஊறல், வடிகட்டி அளந்தால் 900-க்கு மேல். தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம் உப்புகள் உண்டு. உப்புத்தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் இன்னும் கூடும். நல்ல தண்ணீரில் கழுவாத சரக்கில் அவ்வளவும் அப்படியே இருக்கும். அதனால்தான் நர்சரிக்காரர்கள் "கழுவினதா, கழுவாததா" என்று முதலில் கேட்கிறார்கள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அம்மா சொன்னது: "ஏப்பா, இங்க இல்லாத உப்பா? அதையும் காசு குடுத்து வண்டி வச்சுல்ல கொண்டு வந்திருக்க."

அத்தனையையும் வழித்தெடுத்து, தண்ணீர் தெருப்பக்கம் வடிகிற சிமெண்ட் தளத்தில் குவித்தேன். ஐப்பசியும் கார்த்திகையும் பெய்த மழை அதை இலவசமாகக் கழுவிக் கொடுத்தது. தை மாதம் அளந்தபோது 150. அதற்குப் பிறகுதான் பாத்திக்குப் போனது.

நம்ம பக்கம் என்ன கிடைக்கும்?

*வைக்கோல்.* தை, மாசியில் மானாவாரி நெல் அறுப்பு முடிந்ததும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். வருடத்தில் அப்போதுதான் மலிவு. ஒரே வருடத்தில் மக்கிவிடும். மாடு வைத்திருப்பவர்களுக்கும் அதுதான் தீவனம் என்பதால், வறட்சி வருடத்தில் நான் வாங்குவதில்லை.

*சீமைக்கருவேலச் சில்லு.* கரிமூட்டத்துக்கும் விறகுக்கும் வெட்டுகிற ஊர் இது. மெஷினில் அரைத்த சில்லும் சில இடங்களில் கிடைக்கிறது. மெதுவாக மக்கும், காற்றில் பறக்காது. ஆனால் நெற்று கலந்திருந்தால் வேண்டாம், அவ்வளவும் முளைக்கும். இலையும் கலந்திருக்கக் கூடாது, மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு.

*கடலைத் தோல், உமி.* மில்களில் மலிவு. மேலே தண்ணீர் தெளித்து, கொஞ்சம் சருகோ ஓலையோ போட்டு அமுக்காவிட்டால் ஆடிக்காற்றுக்கு அடுத்த வீட்டில் கிடக்கும்.

*பனை ஓலை, பருத்திமார், மிளகாய்மார்.* பெரும்பாலும் கேட்டாலே கொடுப்பார்கள். நோய் வந்த மிளகாய்ச் செடியின் மாரை மட்டும் மறுபடி மிளகாய்ப் பாத்தியில் போடாதீர்கள்.

எதைப் போட்டாலும் மண்ணோடு கொத்திக் கலக்காதீர்கள். வைக்கோலும் நார்க்கழிவும் கார்பன் மிகுந்தவை. மண்ணுக்குள் போனால் அவற்றை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்கான தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மேலே கிடக்கும் வரை பிரச்சினை இல்லை. கரையான் வரும், அதனால் வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு அடியும் மரத்தண்டிலிருந்து அரை அடியும் தள்ளிப் போடுங்கள். தேளும் பாம்பும் ஒதுங்கும். வெறுங்கையால் கிளறக் கூடாது.

எப்போது போடுவது?

இராமநாதபுரம் மாவட்டத்தில் வருட மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் பெய்துவிடுகிறது. காய்ந்த மண்ணில் தடிமனாக மூடாக்கு போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்தால், சின்னத் தூறலையெல்லாம் மூடாக்கே குடித்துவிடும், மண்ணுக்கு இறங்காது. அந்த மழைதான் மண்ணில் சேர்ந்த உப்பையும் கீழே கழுவி இறக்குகிறது. ஆகவே மழையை மண் முழுக்கக் குடிக்கட்டும். தையில், ஈரம் இருக்கும்போதே மூடுங்கள். வைக்கோல் மலிவாகக் கிடைக்கும் மாதமும் அதுதான்.

அம்மா இப்போது நாள் விட்டு நாள் தண்ணீர் விடுகிறார். 14 கிலோ ஏழு கிலோ ஆகியிருக்கிறது. ஏழு கிலோவும் அதிகம்தான். அதற்கு மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடிப்பது அடுத்த வேலை. எலுமிச்சையில் பழைய கருகிய இலைகள் உதிர்ந்துவிட்டன. புதுத் துளிரின் நுனி இந்தப் பங்குனி வரை பச்சையாக இருக்கிறது.

அடுத்த வண்டி பேசும் முன் நான் கேட்கும் கேள்விகள் மூன்று: எத்தனை கன அடி? எவ்வளவு ஈரம்? கழுவினதா? மூன்றாவதுக்குப் பதில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று வந்தால், ஒரு கைப்பிடி சாம்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மீட்டரில் பார்த்துவிடுகிறேன்.