அவசர சிகிச்சையும் வக்ஃபு நெறியும்

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தை அடுத்த சமவெளியில் அமைந்துள்ள ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. ஏற்காட்டிற்கு ஏறிச்செல்லும் மலைச்சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. அச்சாலையில் ஒரு வாகனம் கவிழ்ந்தால், காயமுற்றோரை ஏற்றிக்கொண்டு சேலத்திற்கு விரையும் ஊர்தி இந்த அடிவாரப் பகுதிக்கே முதலில் இறங்கி வருகிறது. நகரின் மறுபுறத்தில், பெங்களூரிலிருந்து தெற்கே இறங்கும் நெடுஞ்சாலையும் கோவையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் கூடுகின்றன. லாரித் தொழிலால் பெயர்பெற்ற நாமக்கல்லும் சங்ககிரியும் அச்சாலைகளின்மீதே உள்ளன. மலையிலும் சமவெளியிலும் அடிபட்டு வருவோரில் ஏழை எளியோர் பெரிதும் நம்பியிருக்கும் இடம், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவாகும்.

இத்தகைய பிரிவொன்றை விரிவுபடுத்தப் பொதுமக்கள் ஒன்றுகூடி நிதி திரட்டுவது உலகின் பல பகுதிகளில் நடந்துவரும் நற்பணி. இப்பணியில் இறங்குவோரிடையே, எவ்வளவு திரட்டுவது என்னும் வினா முதலில் எழுகிறது. எவ்வகை ஈகையாகத் திரட்டுவது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. ஆயினும், அந்தப் பிரிவு பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் நோயாளிக்குப் பயன்படுமா என்பது இரண்டாவது வினாவின் விடையையே பொறுத்துள்ளது. இஸ்லாமிய வரலாறு அவ்விடையைத் தன்னிடத்தே வைத்திருக்கிறது.

காத்திருக்கும் படுக்கை

மருத்துவமனையின் பிற பிரிவுகளுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. பிற பிரிவுகள் நாள் குறித்து நோயாளியை அழைக்கும். இடமில்லையெனில் மறுநாள் வரச்சொல்லும். அவசரப் பிரிவு எவரையும் அழைப்பதில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்பவும் இயலாது. நோயாளி உள்ளே வந்தவுடன் அவரது நிலையைக் கணித்து, உடனடி ஆபத்தில் உள்ளவரைச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவரை மஞ்சள், காத்திருக்கக்கூடியவரைப் பச்சை என வகைப்படுத்துவர். முதலில் வந்தவருக்கே முதல் சிகிச்சை என்னும் வழக்கம் அங்கே செல்லாது. செல்வரும் வறியரும் அவரவர் காயத்தின் கடுமையைக் கொண்டே வரிசைப்படுத்தப்படுகின்றனர்.

இப்பிரிவின் சிறப்பு, நோயாளி வருவதற்கு முன்னரே ஆயத்தமாக இருப்பதில் அடங்கியுள்ளது. ஒரு படுக்கையேனும் வெறுமையாக இருத்தல் வேண்டும். மருத்துவரும் செவிலியரும் இரவு பகலாக முறைவைத்துப் பணியாற்ற வேண்டும். ஆக்சிஜன் தடைபடலாகாது, குருதி வங்கியில் இருப்பு குறையலாகாது, வெண்டிலேட்டர் பழுதின்றி இயங்க வேண்டும். வெறுமையாக உள்ள படுக்கை வருவாய் ஈட்டுவதில்லை. ஆயினும் அதற்கான செலவு ஓயாது நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, ஒருமுறை வசூலித்து ஒருமுறை செலவழிக்கும் நிதி இப்பிரிவின் தொடக்கத்திற்குப் போதும். அதன் வாழ்விற்குப் போதாது.

சட்டமும் இவ்வியல்பை ஏற்றுள்ளது. 1989ஆம் ஆண்டில் பர்மானந்த் கட்டாரா வழக்கில், உயிருக்குப் போராடுபவருக்குச் சிகிச்சை அளிப்பதே மருத்துவரின் முதற்கடமை. காவல்துறை நடைமுறைகள் அதற்குத் தடையாகலாகா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 செப்டம்பரில் தமிழகத்தில் 108 ஊர்திச் சேவை தொடங்கியது. 2021 டிசம்பர் 18இல் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியோரின் முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை, தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரம்பிற்குள், அரசே ஏற்க வழிசெய்தது. காயமுற்றவர் விரைந்து வந்து சேர்வதற்கான வாயில் இவ்வாறு அகன்றுள்ளது. வாயில் அகன்ற அளவுக்கு உள்ளிடமும் அகல வேண்டுமென்பதாலேயே மக்களின் பங்களிப்பு தேவைப்படுகிறது.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

காயமுற்றோரைப் பேணும் பணிக்கு நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் நிகழ்ந்த அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்துக் குருதிக் குழாய் அறுபட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவரை அருகிலிருந்து நலம் விசாரிக்கும் பொருட்டு மதீனாப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அக்கூடாரம் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியுடையது என்றும், கவனிப்பாரற்ற காயமுற்றோருக்கு மருத்துவம் செய்வதையே அவர் தம் தொண்டாகக் கொண்டிருந்தார் என்றும் நபிகளாரின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர்.

இந்நிகழ்ச்சியில் இரு செய்திகள் கருதத்தக்கவை. காயமுற்றவர் தொழுமிடத்தின் நடுவே வைத்துப் பேணப்பட்டார். சமூகத்தின் பார்வையிலிருந்து அவர் விலக்கப்படவில்லை. அடுத்து, அப்பணியை ஆற்றியவர் தம் உழைப்பையே கொடையாக அளித்தார். ஓர் உயிரை வாழவைப்பது மனித இனம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் உணர்த்துகிறது. அவ்வுயிர் எச்சமயத்தாருடையது என்ற வினா அங்கே எழுப்பப்படவில்லை.

பிராம்ப்டன் தரும் படிப்பினை

நம் காலத்தில் ஒரு சமயச் சமூகம் அவசர சிகிச்சைப் பிரிவுக்காகவே பெருநிதி வழங்க முன்வந்ததற்குக் கனடாவில் சான்றுள்ளது. டொரன்டோ நகருக்கு அருகிலுள்ள பிராம்ப்டனில் சீக்கியர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். ஒன்டாரியோ மாநிலத்தில் மருத்துவமனையின் கட்டடச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்றாலும், எஞ்சிய பங்கையும் கருவிகளின் செலவையும் உள்ளூர் மக்களே திரட்டித்தர வேண்டும். 2007இல் பிராம்ப்டன் சிவிக் மருத்துவமனை திறக்கப்பட்ட காலத்தில், சீக்கியச் சமூகத்தார் 1 கோடி டாலர் திரட்டித் தர உறுதியளித்தனர். அதனைப் பாராட்டும் முகமாக அம்மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் குரு நானக்கின் பெயர் சூட்டப்பட்டது. அங்கே எல்லாச் சமயத்தாரும் சிகிச்சை பெறுகின்றனர்.

போற்றத்தக்க இவ்வரலாற்றுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. நகரின் மக்கள்தொகை விரைந்து பெருகியது. நோயாளிகளை நடைபாதைகளில் கிடத்திச் சிகிச்சை அளிக்கும் நிலை உண்டாயிற்று. 2020 ஜனவரியில் பிராம்ப்டன் நகர மன்றம் தன் நகரில் மருத்துவ நெருக்கடி நிலவுவதாக முறைப்படி அறிவித்தது. இதனால் அம்மக்களின் ஈகைக்குச் சிறுமை ஏதுமில்லை. ஒருமுறை திரட்டும் நிதி எத்துணைப் பெரிதாயினும், ஆண்டுதோறும் வளரும் தேவைக்கு அதுவே முழுமையாக ஈடுகொடுக்காது என்பதையே இது காட்டுகிறது.

கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனை

ஆண்டுதோறும் எழும் தேவையை ஆண்டுதோறும் வரும் வருவாயால் எதிர்கொள்ளும் முறையே வக்ஃபு. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்யலாமென்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, மூலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலை அறமாக வழங்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்நிலம் விற்கப்படவோ, அன்பளிப்பாக்கப்படவோ, வாரிசுரிமையாகவோ ஆகாது என்பது நிபந்தனையாயிற்று. வக்ஃபுச் சட்டம் முழுமைக்கும் இதுவே வித்தாகும்.

இந்நெறியை மருத்துவமனைக்குப் பொருத்திக் காட்டிய பெருஞ்சான்று, மம்லூக் சுல்தான் அல்மன்சூர் கலாவூன் கெய்ரோவில் 1284இல் எழுப்பிய மருத்துவமனை. படைத்தலைவராக இருந்த காலத்தில் அவர் டமாஸ்கஸில் வயிற்று நோயால் வருந்தினார். நூருத்தீன் ஸங்கி நிறுவிய மருத்துவமனையிலிருந்து வந்த மருந்துகளால் குணமடைந்து, ஆட்சி கிட்டினால் தாமும் ஒரு மருத்துவமனை அமைப்பதாக நேர்ந்துகொண்டார் என்பர். அவர் கட்டிய மருத்துவமனையில் காய்ச்சல், கண்நோய், வயிற்றுப்போக்கு, காயமும் அறுவையும் எனத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. பெண்களுக்குத் தனியிடம் இருந்தது. செல்வர், வறியர், உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை. நோயாளி குணமடையும்வரை தங்கலாம்; இறந்தால் அடக்கச் செலவையும் வக்ஃபே ஏற்றது.

இவையனைத்தையும் தாங்கி நின்றவை, சுல்தான் உடன் எழுதிவைத்த சொத்துகளே. அவற்றின் வருவாய் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் திர்ஹம் என்று அல்மக்ரீஸி எழுதியுள்ளார். கட்டடத்தை எழுப்பியவர், அதற்கு நாள்தோறும் உணவும் மருந்தும் ஊதியமும் எங்கிருந்து வரும் என்பதையும் அன்றே எழுத்தில் வைத்தார். அதனால் சுல்தானும் அவரது மரபும் மறைந்த பின்னரும் அது பல நூற்றாண்டுகள் இயங்கியது. அவ்வளாகத்தில் இன்றும் கண் மருத்துவமனை ஒன்று உள்ளது.

இதே வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. மருத்துவமனையை விரைந்து முடிக்கும் வேட்கையில் மக்களை வலிந்து வேலை வாங்கினர் என்பதற்காக, பேணுதலுள்ளோர் சிலர் அவ்வளாகத்தில் தொழவும் தயங்கினர் என்பதை அல்மக்ரீஸி மறைக்காமல் பதிவு செய்துள்ளார். நோக்கம் உயர்ந்ததாயினும் வற்புறுத்திப் பெறுவது அறமாகாது. இன்று நிதி திரட்டுவோரும், குடும்பத்திற்கு இவ்வளவு என்று வரிபோல் விதித்து, தராதவர் பெயரைப் பலரறியச் சொல்லி நாணச்செய்யும் வழக்கத்தை அறவே தவிர்க்க வேண்டும்.

ஜகாத்தா, வக்ஃபா?

மருத்துவமனைக் கட்டடத்திற்கு ஜகாத் நிதியைப் பயன்படுத்தலாமா என்ற ஐயம் இங்கே இயல்பாக எழும். ஜகாத் பெறுவதற்குரிய எண்வகையினரைத் திருமறை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் வரையறுத்துள்ளது. உரியவரின் கையில் பொருள் உடைமையாகச் சேர வேண்டும் என்பது ஹனஃபி சட்ட அறிஞர்களின் நிலை. கட்டடம் எவருக்கும் உடைமையாவதில்லை. ஆதலால் அதற்கு ஜகாத் செல்லாது என்பர். ‘அல்லாஹ்வின் பாதையில்’ என்னும் பிரிவை விரித்துப் பொருள்கொண்டு பொதுநலப் பணிகளையும் அதில் அடக்கும் அறிஞர்கள் தற்காலத்தில் உளர். ஐயத்திற்கு இடமில்லாத வழி இதுவாகும்: வறிய நோயாளியின் மருந்துச் செலவுக்கு ஜகாத்தை அவர் கையிலோ அவர் ஒப்புதலுடனோ வழங்கலாம், கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் ஸதகாவைப் பெறலாம், தொடர்ந்து நடத்துவதற்கு வக்ஃபை நிறுவலாம். மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தல் இன்றியமையாதது.

நிலமில்லாதோரும் வக்ஃபு செய்யலாமா என்றால், பணத்தையே வக்ஃபாக்கும் முறை உண்டு. ஹனஃபி இமாம்களுள் ஸுஃபர் அதனை அனுமதித்ததாக அறிவிக்கப்படுகிறது. உதுமானியப் பேரரசில் அது பெருவழக்காயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அபுஸ்ஸுஊத் அதனை ஆதரித்தார். பிர்கிவி கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்புக்கு ஒரு காரணம், அப்பணம் வட்டிக்கு ஒப்பான வழியில் பெருக்கப்பட்டதாகும். பலரின் சிறுதொகைகளைச் சேர்த்து வாடகை தரும் கடைகளை வாங்கி அவற்றை வக்ஃபாக்கினால் அக்குறை நேராது.

நம் பகுதியில் செய்யத்தக்கவை

தமிழகத்தில் மக்கள் பங்களிப்புக்கு நிறுவப்பட்ட வழிகள் உள்ளன. அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கங்கள் செயல்படுகின்றன. நன்கொடையை அவற்றின் மூலம் உரிய பற்றுச்சீட்டுடன் வழங்கலாம். 1997–98இல் தொடங்கி 2021இல் புத்துயிர் பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டம், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் எஞ்சியதை அரசு ஏற்கும் முறையைப் பழக்கியது. இவ்வாறு கட்டடத்தின் சுமையை அரசுடன் பகிர்ந்துகொண்டால், திரட்டிய நிதியின் ஒரு பகுதியை நிலையான மூலதனமாக ஒதுக்கிவைக்க இயலும்.

அம்மூலதனத்தை வக்ஃபாக்க விழைவோர் முதல் நாளே பத்திரம் எழுதிவிட வேண்டும். 2025ஆம் ஆண்டின் வக்ஃபுத் திருத்தச் சட்டப்படி, எழுத்துப் பத்திரமின்றிப் புதிய வக்ஃபு உருவாவதில்லை. வருவாய் எந்த மருத்துவமனையின் எச்செலவுக்கு உரியது, அப்பணி இல்லாமற்போனால் அதற்கு நிகரான எப்பணிக்குச் செல்லும், கணக்கை யார் தணிக்கை செய்வர், பயன்பெறுவோரில் சமய வேறுபாடு இல்லை என்பன பத்திரத்தில் இடம்பெறல் நன்று. வசூலிக்கும் குழுவிலும் மருத்துவமனையின் தேவையை அறிந்த மருத்துவரும் செவிலியரும் இருத்தல் வேண்டும். கொடுப்போர் விரும்பும் கருவியும் நோயாளிக்குத் தேவைப்படும் கருவியும் பல நேரங்களில் வேறாகவே இருக்கும்.

இறுதியாக ஒன்று. தபூக் படையெடுப்பிற்கு நபி (ஸல்) அவர்கள் பொருள் வேண்டியபோது, உதுமான் (ரலி) அவர்கள் ஆயிரம் பொற்காசுகளைக் கொண்டுவந்தார்கள். கூலிவேலை செய்து ஈட்டிய சிறிதளவு பேரீச்சம்பழத்தைக் கொண்டுவந்தவரும் ஒருவர் இருந்தார். நயவஞ்சகர்கள் மிகுதியாகத் தந்தவரைப் பகட்டுக்காரர் என்றும், சிறிது தந்தவரின் கொடை இறைவனுக்குத் தேவையற்றது என்றும் ஏளனம் செய்தனர். அத்தவ்பா அத்தியாயத்தின் 79ஆம் வசனம் அந்த ஏளனத்தையே கண்டிக்கிறது. அடிவாரச் சிற்றூரில் நாட்கூலி பெறுபவர் தரும் பத்து ரூபாயும், வாடகை ஈட்டும் கடையின் ஒரு செங்கல்லாகக் கூடும். நள்ளிரவில் மலைச்சாலையிலிருந்து கொண்டுவரப்படும் முன்பின் அறியாத ஒருவருக்காகப் படுக்கை ஒன்று ஆயத்தமாகக் காத்திருக்குமானால், அதில் அவருடைய பங்கும் இருக்கும். தந்தவர் மறைந்த பின்னரும் நன்மை தொடரும் ஸதகத்துல் ஜாரியா என்று நம் முன்னோர் போற்றியது இதனையே.