ஒரு பிடி சொல்

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள பண்ணைப்புரத்தில் விடிந்ததும் காதில் விழுகிற சொல் ‘பிடி’தான். “தண்ணி பிடிச்சாச்சாக்கா?” என்று தெருக்குழாயடியில் ஒரு குரல். “பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு” என்று பக்கத்துத் திண்ணையிலிருந்து பதில். தேவாரம் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார். தோட்டத்தில் அவரைக்கொடி காய் பிடித்திருக்கிறது. மேற்கு மலையில் மழை பிடித்துக்கொண்டது. பொருள் ஆளுக்கொன்று, சொல் ஒன்றே.

இந்தச் சொல்லுக்குள் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ‘மீனைப் பிடித்தேன்’ என்றால் பிடித்தவன் நான். ‘எனக்குப் பிடித்தது’ என்றால் பிடித்தது நானல்ல, அது. சளி பிடிக்கிறது, பைத்தியம் பிடிக்கிறது, ஒரு முகம் பிடித்துப்போகிறது. விருப்பத்தைச் சொல்லும்போது தமிழ் நம்மைப் பிடிபட்டவர் பக்கம் நிறுத்திவிடுகிறது. பிடிப்பதும் பிடிபடுவதும் எதிரெதிர் அல்ல என்று நம் மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

ஆற்றைப் பிடித்த கதை

கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடைப் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்கும்: “நீர்ப்பிடிப்புல மழை எப்படி?” முல்லைப் பெரியாறு அணைக்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதி 624 சதுர கிலோமீட்டர். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றை, ஜான் பென்னிகுயிக் என்ற பொறியாளர் மலை மேலேயே பிடித்தார். கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1895இல் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து, வைகையோடு சேர்ந்து மதுரைச் சீமை தாண்டிப் போகிறது.

ஆற்றை நிறுத்துவதோடு அவர் வேலை முடிந்திருந்தால் அது வெறும் குளம். பிடித்ததற்கு ஒரு போக்குக் காட்டியதால்தான் பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று இங்கே அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள்.

திமிலும் மூச்சும் பந்தும்

தை மாதம் வந்தால் சின்னமனூர் பக்கம் அய்யம்பட்டியிலும் கம்பம் பக்கம் பல்லவராயன்பட்டியிலும் ஜல்லிக்கட்டுப் பேச்சுதான். கொம்பைத் தொடக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது. திமிலை மட்டும் அணைத்துக்கொண்டு மூன்று துள்ளலோ, 15 மீட்டரோ, 30 வினாடியோ தாங்க வேண்டும் என்பது விதி. வாடிவாசலுக்கு எதிரே நின்று பார்த்தால் ஒன்று புரியும். மாட்டை எதிர்த்து இழுப்பவன் புழுதியில் கிடக்கிறான். அது துள்ளும்போது துள்ளி, திரும்பும்போது திரும்பி, மாட்டின் உடம்போடு ஒட்டிக்கொள்பவனே எல்லைக்கோட்டைத் தாண்டுகிறான். ‘மாடு அணைதல்’ என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான்.

சடுகுடுவில் இரண்டு பிடிகள் மோதுகின்றன. பாடி வருபவன் மூச்சைப் பிடித்திருக்கிறான். எதிரணி அவனைப் பிடித்திருக்கிறது. எது முதலில் விடுகிறதோ அது தோற்கும். அதனால்தான் கணுக்காலைப் பிடிக்கிறவன் அவசரப்படுவதில்லை. வந்தவனின் பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமே சாய்கிறான்.

கிரிக்கெட்டில் ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்ட் போட்டிகளில் 53 கேட்ச் பிடித்தவர். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் வெங்கட்ராகவன் ஆகியோரின் சுழல் பந்துக்கு, தலைக்கவசம் இல்லாத காலத்தில், மட்டைக்கு அருகிலேயே நின்றார். கையை இறுக்கி வைத்தால் பந்து தெறித்துப் போகும். பந்து வரும் வேகத்தோடு கை சற்றுப் பின்வாங்கினால் உள்ளங்கையில் அடங்கும். எந்த ஊர்ப் பையனுக்கும் முதல் பாடம் இதுவே.

மெட்டு பிடிபட்டபோது

இதே பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த ராசய்யாவை ஓர் ஆர்மோனியம் பிடித்துக்கொண்டது. அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரி மேடைகள்தான் அவருக்குப் பள்ளி. சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதக் கற்றார். காற்றில் ஓடிவிடும் மெட்டைத் தாளில் பிடித்து நிறுத்தும் வித்தை அது. 1976இல் ‘அன்னக்கிளி’யில் இளையராஜா ஆனவர், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை, எழுதிய தாள்களாக, ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவினரின் முன்னே வைத்தார்.

ஒரு கருத்தும் மெட்டு மாதிரித்தான். துரத்தும்போது நழுவும். அதோடு கூடவே நடந்தால் ஒரு நாள் ‘பிடிபட்டது’ என்போம். நான் பள்ளிக் கணக்கோடு மல்லுக்கட்டிய நாட்களில் எதுவும் பிடிபட்டதில்லை. கணக்கு எனக்குப் பிடித்துப்போன பிறகே பிடிபட்டது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்கள் இந்த வரிசையை மறக்கக் கூடாது: முதலில் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் பிடிபடும்.

பண்ணைப்புரம் குழாயடியில் குடம் நிறைகிறது. நேராக வைத்தால் தண்ணீர் தெறிக்கும் என்று அந்த அக்கா குடத்தைத் தாரைக்கு வாகாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். நிறைய நிறைய, மெல்ல நிமிர்த்துகிறார்.