சிறுவர்களின் பாட்டு, வெள்ளைக் குதிரைகளின் ஆட்டம்... வியன்னாவில் ஒரு குடும்ப ஞாயிறு!

குடும்பத்தோடு சுற்றுலா என்றாலே பஞ்சாயத்துதான். வாண்டுகளுக்குக் குதிரை பார்க்க வேண்டும். தாத்தா பாட்டிக்கு உட்கார்ந்து ரசிக்க நல்ல பாட்டு வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்ட அப்பா அம்மாவுக்கு, யாரும் முகம் தூக்காமல் அன்றைய பொழுது போனால் போதும்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் இந்தப் பஞ்சாயத்துக்கு ஒரு தீர்ப்பு உண்டு. அதன் பெயர் ஹோஃப்பர்க் அரண்மனை. ஞாயிற்றுக்கிழமை காலை 9.15-க்கு அங்குள்ள சிற்றாலயத்தில் வியன்னா சிறுவர் பாடகர் குழுவின் பாட்டு. பல ஞாயிறுகளில், 11 மணிக்கு அதே வளாகத்தில் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியின் காட்சி. இடையில் சில நிமிட நடைதான்.

முகம் தெரியாத குரல்கள்

சிற்றாலயத்துக்குள் நுழைந்ததும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, ‘பாடுற பசங்க எங்கே?’ என்பதுதான். கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். மேலே, மாடத்தில் நின்று பாடுகிறார்கள். அங்கே சிறுவர்களுடன் வியன்னா அரசு ஆப்பராவின் ஆண் பாடகர்களும், புகழ்பெற்ற வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக் கலைஞர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்குக் குரல் மட்டும்தான் வந்து சேரும். திருப்பலி முடிந்ததும் சிறுவர்கள் இறங்கி வந்து, எல்லோர் முன்பும் நின்று ஒரு பாடல் பாடுவார்கள். ‘இந்தப் பொடியன்களா இப்படிப் பாடியது!’ என்று பெரியவர்கள் வியக்கும் நேரம் அது.

1498-ல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் தன் அரசவை இசைக்காகச் சிறுவர்களைச் சேர்த்ததில் தொடங்குகிறது இந்தக் குழுவின் கதை. பின்னாளில் பெரும் இசைமேதையான ஃபிரான்ஸ் ஷூபர்ட், 1808 முதல் 1812 வரை இந்த அரசவைச் சிற்றாலயத்தில் பாடிய சிறுவர்தான். மகரக்கட்டு உடைந்ததும் அவர் விலக வேண்டியிருந்தது.

இன்றும் அதே விதிதான். சுமார் 100 சிறுவர்கள், பெரும்பாலும் 9 முதல் 14 வயதுக்குள். ப்ரூக்னர், ஹைடன், மோட்சார்ட், ஷூபர்ட் என்ற நான்கு குழுக்களாகப் பிரிந்து உலகம் சுற்றிப் பாடுகிறார்கள். நாலைந்து ஆண்டுகள்தான். பிறகு குரல் மாறிவிடும். அந்த இடத்துக்கு அடுத்த சிறுவன் வருவான்.

கறுப்பாகப் பிறக்கும் வெள்ளைக் குதிரை

அடுத்தது, குழந்தைகள் காத்திருந்த கட்டம். 1735-ல் கட்டி முடிக்கப்பட்ட அரங்கம், 55 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். வெள்ளைத் தூண்கள், மேலே தொங்கும் சரவிளக்குகள், கீழே மணல் தரை. பழுப்பு நிறக் கோட்டும் இருபக்கம் மடித்த தொப்பியும் அணிந்த வீரர்கள் வரிசையாக வருவார்கள். இந்த அரங்கத்தைக் கட்டுவித்த பேரரசர் ஆறாம் சார்லஸின் ஓவியத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி வணங்கிய பிறகே ஆட்டம் ஆரம்பம்.

குதிரைகள் லிப்பிசானர் இனம். பிறக்கும்போது குட்டி கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். வளர வளர நரைத்து, பெரும்பாலும் 6 முதல் 10 வயதுக்குள் வெள்ளையாகிவிடும். ‘நமக்கு நரைச்சா கிழவி, அதுக்கு நரைச்சா அழகா?’ என்று எந்தப் பாட்டிக்கும் கேட்கத் தோன்றும்!

நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் கால் மாற்றுவது பியாஃபே. பின்னங்கால்களை மடக்கி, முன்னுடலைத் தூக்கி அசையாமல் நிற்பது லெவாட். காற்றில் எழும்பிப் பின்னங்கால்களை உதைப்பது காப்ரியோல். இந்தத் துள்ளல்களின்போது வீரருக்கு அங்கவடிகூடக் கிடையாது. எல்லாக் குதிரைக்கும் எல்லாம் வராது. எதற்கு எது வருகிறதோ, அதையே வளர்த்தெடுக்கிறார்கள். நன்றாகச் செய்தால், கோட்டின் வால்பகுதியில் இருக்கும் ரகசியப் பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டி!

இந்தப் பள்ளிக்கு ஒரு பழைய முறை உண்டு. அனுபவமுள்ள வீரர் இளம் குதிரைக்குக் கற்றுத்தருவார். அனுபவமுள்ள குதிரை, புதிதாக வந்த வீரருக்குக் கற்றுத்தரும். முழுமையான வீரராக 8 முதல் 12 ஆண்டுகள் ஆகும். 2008-ல்தான் பெண்களுக்கும் இங்கே இடம் கிடைத்தது.

இல்லாமல் போயிருக்கும்!

1918-ல் பேரரசு சரிந்தபோது பாட்டு, ஆட்டம் இரண்டுக்கும் படியளந்த கை போய்விட்டது. ஆலயத்தின் பொறுப்பிலிருந்த பாதிரியார் யோசெஃப் ஷ்னிட் 1924-ல் பாடகர் குழுவை மீண்டும் உருவாக்கினார். அரசவைச் சீருடைக்குப் பதில் மாலுமிச் சட்டை வந்தது. பிழைப்புக்காகக் குழு ஊர் ஊராகக் கச்சேரி செய்யத் தொடங்கியது.

குதிரைகளுக்கு ஆபத்து 1945-ல் வந்தது. வியன்னாவில் குண்டுகள் விழ, பள்ளியின் தலைவர் அலோயிஸ் போதாய்ஸ்கி ஆண் குதிரைகளை மேல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் மார்ட்டினுக்குக் கொண்டு சென்றார். பெண் குதிரைகளும் குட்டிகளும் செக் மண்ணில், ஹோஸ்டாவ் என்ற ஊரில் சிக்கியிருந்தன. அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டன் முன்னால் போதாய்ஸ்கி தன் குதிரைகளை ஆடவைத்துப் பாதுகாப்புக் கேட்டார். 1912 ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையும் ஓட்டியவர் பாட்டன். பாதுகாப்பு கிடைத்தது. ஹோஸ்டாவ் குதிரைகளையும் அமெரிக்கப் படையினர் மீட்டனர். ஆனால், பள்ளி தன் பழைய அரங்கத்துக்குத் திரும்ப 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிளம்பும் முன்

* ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சிற்றாலயத்தில் சிறுவர்களின் பாட்டு கிடையாது.
* அது வழிபாடு என்பதால் அமைதி முக்கியம். நின்று கேட்க இலவசம். முதியவர்களுக்கு இருக்கைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.
* எல்லா ஞாயிறும் குதிரைக் காட்சி இருக்காது; தேதியை முன்பே உறுதி செய்யுங்கள். முழுக் காட்சிக்குச் செலவு அதிகம் என்றால், இசையோடு நடக்கும் காலைப் பயிற்சியைக் குறைந்த கட்டணத்தில் பார்க்கலாம். அதற்கு வேறு நாளை ஒதுக்குங்கள்.
* காட்சியின்போது படமெடுக்கத் தடை. செல்போன் பைக்குள் இருக்கட்டும்.

கடைசி விஷயம் தடையல்ல, வரம். அந்த ஒரு மணி நேரம் பேரன் பார்ப்பது குதிரையை. பாட்டி பார்ப்பது, வாய் பிளந்து நிற்கும் பேரனை. அவனுக்கும் ஒருநாள் மகரக்கட்டு உடையும். பாட்டியால் எப்போதும் இவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது. இருவரும் ஒன்றாகப் போய்வரும் ஞாயிறுகளைத் தள்ளிப்போடாதீர்கள்!