கவிக்குப் பரிசு, பாட்டுக்குத் தடை

"காத்யூஷா" என்னும் ருஷ்யப் பாட்டின் மெட்டு பல தேசங்களுக்குப் போயிற்று. 1943-ல் இத்தாலியக் கொரில்லா வீரர்கள் தங்கள் பாஷையில் வேறு சொற்களை அமைத்து, அதை மலைகளிலே பாடினார்கள். மூலப் பாட்டை இயற்றிய மிஹயில் இஸகோவ்ஸ்கியின் பெயரோ ருஷ்யாவுக்கு வெளியே அவ்வளவாகப் பரவவில்லை. அவருக்கு நேர்ந்த ஒரு விஷயத்தை நமது வாசகர்கள் அறிவது அவசியமென்று கருதுகிறோம்.

ஸ்மோலென்ஸ்க் மாகாணத்தில் 1900-ம் வருஷம் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர் அவர். இளமையிலேயே கண்பார்வை குன்றியது. கிராமத்தார் பாடும் பாட்டின் எளிமையே அவருடைய கவிதைக்கு மூலதனம். மத்வேய் பிளான்டர் இசையமைத்து 1938-ல் வெளிவந்த காத்யூஷா, எல்லை காக்கும் வீரனை நினைந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. யுத்தத்தில் சிப்பாய்கள் தங்கள் ராக்கெட் பீரங்கியையே அப்பெயரால் அழைத்தார்கள். 1943-ல் கவிக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது.

இதுவரை சர்க்காருக்கும் கவிக்கும் சச்சரவில்லை. 1945-ல் இயற்றிய பாட்டுத்தான் வில்லங்கமாயிற்று. யுத்தம் முடிந்து ஒரு சிப்பாய் ஊர் திரும்புகிறான். வீட்டைப் பகைவர் கொளுத்திவிட்டார்கள். குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. மனைவியின் சமாதியருகே உட்கார்ந்து, தனியே மதுவருந்தி அழுகிறான். அவன் மார்பிலே புடாபெஸ்ட் நகரைப் பிடித்ததற்கான பதக்கம் மின்னுகிறது. அவ்வளவே கதை. வெறுங் கற்பனையென்று இதைத் தள்ளுவதற்கில்லை; கவி பிறந்த ஸ்மோலென்ஸ்க் பிரதேசமே 1941 முதல் 1943 வரை ஜெர்மானியர் வசப்பட்டுச் சீரழிந்தது.

"ஸ்னாம்யா" பத்திரிகை 1946-ல் பாட்டைப் பிரசுரித்தது. உடனே குற்றச்சாட்டு எழுந்தது. என்ன குற்றம்? சோர்வையும் அவநம்பிக்கையையும் பரப்புகிறதாம்! வென்றவன் அழலாகாதென்று எந்தச் சட்டம் சொல்லுகிறது? கோடிக்கணக்கான ஜனங்களைப் பலிகொடுத்த தேசத்தில், இந்தச் சிப்பாயைப் போன்ற சாட்சிகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆயினும் விசாரணையின்றியே தீர்ப்பு வந்தது. பாட்டு வானொலி ஏறவில்லை. இதிலுள்ள வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம்: அதே கவிக்கு 1949-ல் இரண்டாம் முறையாக ஸ்டாலின் பரிசு அளித்தார்கள்!

1953-ல் ஸ்டாலின் இறந்த பிறகும் ஏழு வருஷம் ஒருவரும் துணியவில்லை. நடிகரும் பாடகருமான மார்க் பெர்னெஸ் 1960-ல் அதை மாஸ்கோ மேடையிலே பாடினார். அதன்பின் பாட்டு தேசமெங்கும் பரவியது. 1973-ல் காலமான இஸகோவ்ஸ்கி, ஜனங்கள் அதைத் தங்கள் பாட்டாக ஏற்றுக்கொண்டதைக் கண்டுவிட்டே கண்மூடினார்.